வீட்டில் கிளி வளர்ப்போர் கவனத்திற்கு



வழக்கமாக இந்தப் பக்கத்தில் கல்வி உதவி, ஜகாத் பங்கீடு, மருத்துவ முகாம் ஆகியவற்றைப் பற்றித்தான் எழுதுவோம். இந்த முறை கிளி வளர்ப்பைப் பற்றி எழுதுகிறோம். அதற்குக் காரணம் உண்டு.

மாலை மக்தபுக்கு வரும் பிள்ளைகளில் இருவர் ஒரே வாரத்தில் எங்களிடம் வந்தார்கள். ஒருவன் கையில் செருப்பு அட்டைப்பெட்டி. அதற்குள் இறகு முழுதாக முளைக்காத ஒரு பச்சைக்கிளிக் குஞ்சு. பட்டுப்போன பனையை வெட்டியபோது பொந்திலிருந்து விழுந்ததாம். வெட்டியவர் இவனிடம் கொடுத்துவிட்டாராம். "இதை நான் வளர்க்கலாமா?" என்று கேட்டான். இரண்டாவது பிள்ளை பெட்டி எதுவும் கொண்டுவரவில்லை. அவன் வீட்டில் இருந்த நான்கு 'லவ் பேர்ட்ஸ்' ஒரே மாதத்தில் ஒவ்வொன்றாகச் செத்துவிட்டன. அழுத முகத்தோடு நின்றான். நாங்கள் அவசர வேலையில் இருந்தோம். "போனால் போகட்டும்பா, வேறு வாங்கிக்கொள்ளலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டோம்.

அன்று இரவு அந்தப் பதில் எங்களை உறுத்தியது. ஏன் உறுத்தியது என்பதிலிருந்தே தொடங்குகிறோம்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

அனஸ் (ரலி) அவர்களுக்கு அபூ உமைர் என்றொரு சிறு தம்பி இருந்தார். அவர் 'நுகைர்' என்னும் சிறு பறவை ஒன்றை வைத்து விளையாடுவார். அந்தப் பறவை இறந்துவிட்டது. பிள்ளை வாடிய முகத்தோடு இருப்பதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அவரைச் செல்லப் பெயரிட்டு அழைத்து, அந்தக் குருவிக்கு என்ன ஆனது என்று விசாரித்தார்கள். புகாரீயிலும் முஸ்லிமிலும் வரும் செய்தி இது. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த ஷாஃபிஈ அறிஞர் இப்னுல் காஸ் (ரஹ்) இந்த ஒரு ஹதீஸிலிருந்து அறுபது பாடங்களை எடுத்துத் தனி நூலே எழுதினார். பறவையை வீட்டில் வைத்து வளர்க்கலாம் என்பது அறிஞர்கள் இதிலிருந்து எடுத்த சட்டங்களில் ஒன்று. பிள்ளையின் துக்கத்தைப் பெரியவர்கள் அற்பமாக நினைக்கக்கூடாது என்பதும் இதில் உள்ள பாடம்தான். நாங்கள் தவறியது அங்கேதான்.

ஆக, வளர்ப்பது ஆகும். ஆனால் அந்த அனுமதியோடு ஒரு பொறுப்பும் சேர்ந்தே வருகிறது. பூனையைக் கட்டிப்போட்டு, உணவும் தராமல், தானே தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண் நரகத்திற்குரியவளானாள் என்ற ஹதீஸை நாம் அனைவரும் குத்பாவில் கேட்டிருக்கிறோம். அடைத்து வைத்த உயிருக்கு நாமே பொறுப்பு என்பது அதன் பொருள். இன்னொரு ஹதீஸ் அபூதாவூதில் வருகிறது. பயணத்தில் தோழர்கள் சிலர் ஒரு பறவையின் இரண்டு குஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். தாய்ப்பறவை தவித்து இறக்கையடித்தது. அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள் குஞ்சுகளைத் தாயிடம் திருப்பிவிடச் சொன்னார்கள். கூட்டிலிருந்து குஞ்சு எடுப்பதைப் பற்றி இதைவிடத் தெளிவாக நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

பச்சைக்கிளி வேண்டாம்

முதலில் அந்த அட்டைப்பெட்டிப் பிள்ளையின் கேள்விக்கு வருவோம். நம் ஊர் வயல்களிலும் தென்னந்தோப்புகளிலும் கூட்டமாகக் கத்திக்கொண்டு பறக்கிறதே, சிவந்த மூக்கும் நீண்ட வாலும் உள்ள பச்சைக்கிளி, அதை வீட்டில் வளர்க்கச் சட்டத்தில் இடமில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது பாதுகாக்கப்பட்ட பறவை. 2022இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள அட்டவணைப்படி அது இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. பிடிப்பது, விற்பது, வாங்குவது, கூண்டில் வைப்பது எல்லாமே குற்றம். 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். தோளில் சிவப்புப் பட்டையுள்ள பெரிய கிளிக்கும் இதே நிலைதான். "சோசியக்காரர் வைத்திருக்கிறாரே" என்று சிலர் கேட்கிறார்கள். அவர் வைத்திருப்பதும் சட்டப்படி குற்றமே.

சட்டம் ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கிறது? இந்தக் கிளிகள் பட்ட மரப் பொந்துகளில் பெரும்பாலும் தை முதல் சித்திரை வரை குஞ்சு பொரிக்கின்றன. விற்பனைக்கு வருபவை அந்தப் பொந்துகளிலிருந்து எடுக்கப்பட்ட குஞ்சுகள். கூடையில் நெருக்கி அடைத்துக் கொண்டுவரும்போதே பல செத்துப்போகின்றன. பிழைத்ததைத்தான் சந்தையில் பார்க்கிறோம். நாம் ஒன்று வாங்கினால் அடுத்த ஆண்டு இன்னொரு பொந்தில் கைவிட ஆள் கிடைத்துவிடுகிறது.

இதைச் சொல்லும்போது எங்கள் வீட்டுக் கதையையும் மறைக்கக்கூடாது. எங்கள் சிறுவயதில் திண்ணையில் தகர வட்டக் கூண்டில் ஒரு பச்சைக்கிளி இருந்தது. அத்தாவின் குரலில் எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். இறக்கையைக் கத்தரித்து வைத்திருந்தோம். சோறும் மிளகாய்ப் பழமும்தான் அதற்குத் தீனி. அந்தக் கூண்டில் அது ஒருமுறைகூட இறக்கையை முழுதாக விரித்திருக்க முடியாது. நல்ல பராமரிப்பில் இருபது ஆண்டுக்கு மேலும் வாழக்கூடிய பறவை, எங்களிடம் ஏழெட்டு ஆண்டில் போய்விட்டது. அதைப் பாசமாக வளர்த்தோம் என்றுதான் இன்றும் வீட்டில் பேசிக்கொள்கிறோம். பாசம் இருந்தது உண்மை. அதற்கு என்ன தேவை என்று ஒருவரும் கேட்கவில்லை என்பதும் உண்மை.

இப்போதே வீட்டில் பச்சைக்கிளி வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு உடனே கூண்டைத் திறந்துவிட வேண்டாம். இறக்கை கத்தரிக்கப்பட்ட, தானே இரை தேடிப் பழகாத கிளியை வெளியே விட்டால் அன்று மாலைக்குள் காக்கையோ பூனையோ முடித்துவிடும். புதுச்சேரி வனத்துறைக்குத் தகவல் சொல்லி அவர்களிடம் ஒப்படையுங்கள். மரத்திலிருந்து விழுந்த குஞ்சு கிடைத்தாலும் அப்படித்தான். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வாருங்கள். நாங்கள் உடன் வருகிறோம். அட்டைப்பெட்டிக் குஞ்சை அந்தப் பிள்ளையும் நாங்களும் சேர்ந்து போய்த்தான் ஒப்படைத்தோம். திரும்பும் வழியெல்லாம் அவன் பேசவில்லை. ஆனால் பெட்டியை அவனே தன் கையால் கொடுத்தான்.

சட்டப்படி வளர்க்கக்கூடியது எது?

நம் பகுதியில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கப்படும் சிறு கிளிகள் பெரும்பாலும் உண்மையான லவ் பேர்ட்ஸ் அல்ல. அவை பட்ஜரிகர், சுருக்கமாக பட்ஜி. ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட சமவெளிகளில் கூட்டங்கூட்டமாக வாழும் பறவை இது. 1840இல் ஜான் கூல்ட் என்னும் ஆங்கிலேயப் பறவையியலாளர் உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அதன் பிறகு உலகமெங்கும் கூண்டில் இனப்பெருக்கம் செய்து வளர்க்கப்படுகிறது. காட்டில் இருப்பது பச்சையும் மஞ்சளுமாக இருக்கும். நீலம், வெள்ளை எல்லாம் கூண்டில் உருவான நிறங்கள். எடை 30 முதல் 40 கிராம்தான். ஒரு கோழிமுட்டையைவிடக் குறைவு.

பட்ஜியையும், கொண்டை வைத்த காக்கடைலையும் வளர்க்கத் தடையில்லை, பதிவும் தேவையில்லை. ஆனால் சன் கான்யூர், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, மக்காவ் போன்ற வெளிநாட்டுக் கிளிகளையும், உண்மையான லவ் பேர்ட்ஸில் பல வகைகளையும் வைத்திருப்பவர்கள் 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். புதிதாக வாங்கினால் 30 நாளுக்குள் பதிய வேண்டும். விற்பவரிடம் ரசீது கேட்டு வாங்குங்கள்.

வாங்குவதற்கு முன்

பிள்ளை கேட்கிறது என்பதற்காக மட்டும் வாங்காதீர்கள். பட்ஜி ஐந்து முதல் பத்து ஆண்டு வாழும். ஐந்தாம் வகுப்பில் வாங்கிக் கேட்கும் பிள்ளை கல்லூரிக்குப் போகும்போதும் அது உயிரோடு இருக்கலாம். தீனியும் தண்ணீரும் நாள்தோறும் பார்ப்பது யார்? பெருநாளைக்கு ஊருக்குப் போனால், உம்ராவுக்குப் போனால், யாரிடம் விடுவது? இந்தக் கேள்விகளுக்கு வீட்டில் பதில் கிடைத்த பிறகு வாங்குங்கள்.

ஒன்றை மட்டும் தனியே வாங்க வேண்டாம். இது கூட்டத்தோடு வாழும் பறவை, தனிமையில் வாடும். இரண்டாவது வாங்குங்கள். மூக்கின் மேலுள்ள சதை, வளர்ந்த ஆணுக்குப் பெரும்பாலும் நீலமாகவும் பெண்ணுக்குப் பழுப்பாகவும் இருக்கும். கடையில் சுறுசுறுப்பாக, கண் தெளிவாக, பின்புறம் எச்சம் ஒட்டாமல் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பதைப் பரிதாபப்பட்டு வாங்கி மற்றவற்றோடு விடாதீர்கள். நோயிருந்தால் எல்லாவற்றுக்கும் பரவும்.

கூண்டு

வட்டக் கூண்டு வேண்டாம். பறவை மேலே ஏறுவதைவிடப் பக்கவாட்டில்தான் பறக்கிறது. ஆகவே உயரத்தைவிட நீளம் முக்கியம். ஒரு ஜோடிக்குக் குறைந்தது இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் வேண்டும். கம்பி இடைவெளி அரை அங்குலத்துக்கு மேல் இருந்தால் தலை மாட்டிக்கொள்ளும். துருப்பிடித்த கூண்டு ஆகாது. புதிய ஜி.ஐ. வலையில் துத்தநாகத் தூள் ஒட்டியிருக்கும். கிளி கம்பியைக் கடிக்கும் பழக்கமுள்ளது என்பதால் அது நஞ்சாகும். வினிகர் ஊற்றி பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்த பிறகே பறவையை விடுங்கள்.

உட்காரப் பிளாஸ்டிக் குச்சிக்குப் பதிலாகக் கொய்யா, வேம்பு கிளைகளை வெவ்வேறு கனத்தில் வையுங்கள். ஒரே கனமுள்ள குச்சியில் எப்போதும் நின்றால் பாதத்தில் புண் வரும். தண்ணீர்க் கிண்ணத்துக்கு நேர் மேலே குச்சி வைக்காதீர்கள்; எச்சம் அதில் விழும். கூண்டின் அடியில் செய்தித்தாள் விரித்து தினமும் மாற்றுங்கள். இறைவசனமோ நபிமொழியோ அச்சான தாள் அதில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த இதழையும் விரிக்க வேண்டாம்.

கூண்டு கண் மட்ட உயரத்தில், ஒரு பக்கம் சுவரோடு ஒட்டி, காற்றோட்டமாக இருக்கட்டும். மக்ரிப் முடிந்த பின் மெல்லிய பருத்தித் துணி போட்டு, ஃபஜ்ருக்குப் பின் எடுத்துவிடுங்கள். பத்து மணி நேரத் தூக்கம் அதற்குத் தேவை. தொழும் இடத்திலிருந்து கூண்டைத் தள்ளி வையுங்கள். எச்சம் பட்ட ஆடை பற்றி மத்ஹபுகளிடையே விளக்க வேறுபாடு உண்டு. உங்கள் பள்ளி இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தீனி

தினை, சாமை, கம்பு கலந்த தானியம் அடிப்படை. ஒரு பறவைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய இரண்டு தேக்கரண்டி போதும். ஆனால் தானியம் மட்டுமே போட்டால் கொழுப்பு ஏறும். வைட்டமின் ஏ குறையும். கொத்தமல்லித் தழை, முருங்கைக்கீரை, துருவிய காரட், வெள்ளரி ஆகியவற்றை நன்றாகக் கழுவித் தினமும் கொஞ்சம் கொடுங்கள். முதலில் தொடாது, சில வாரம் பொறுமையாக வைத்தால் பழகும்.

சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு நல்லது. நல்லவாடு, வீராம்பட்டினம் கடற்கரைக்குப் போகும்போது ஒதுங்கிக் கிடக்கும். பிள்ளைகளே பொறுக்கி வரலாம். உப்புப் போக நல்ல தண்ணீரில் சில நாள் ஊறவைத்து, தண்ணீரைத் தினமும் மாற்றி, வேகவைத்து, காயவைத்துக் கூண்டில் கட்டுங்கள்.

கொடுக்கக்கூடாதவை: வெண்ணெய்ப்பழம் எனப்படும் அவகாடோ, சாக்லேட், டீ, காபி, வெங்காயம், உப்பு போட்ட பண்டங்கள், ஆப்பிள் விதை. பிரியாணிச் சோறும் வேண்டாம்.

ஒரு முக்கியமான செய்தி. கிளி தானியத்தை உடைத்துப் பருப்பைத் தின்றுவிட்டு உமியைக் கிண்ணத்திலேயே விட்டுவிடும். மேலோட்டமாகப் பார்த்தால் கிண்ணம் நிறைந்திருக்கும். உள்ளே ஒரு மணிகூட இருக்காது. இப்படிப் பட்டினி கிடந்து சாகும் பறவைகள் உண்டு. தினமும் காலையில் ஊதிப் பாருங்கள். ரமலானில் சஹருக்குப் பின் வீடே உறங்கும். நோன்பு நமக்குத்தான், அதற்கு இல்லை. இவ்வளவு சிறிய உடல் ஒரு நாள் பட்டினியைக்கூடத் தாங்காது.

வீட்டிலுள்ள ஆபத்துகள்

நான்கு பறவைகளை இழந்த பிள்ளையின் வீட்டுக்குப் பிறகு நாங்கள் போனோம். கூண்டு சுத்தமாகவே இருந்தது. தீனியும் இருந்தது. மழைக்காலக் கொசுவுக்காக இரவில் கூண்டின் கீழே கொசுவத்தி ஏற்றி, கதவைச் சாத்திவிடுவார்களாம். வெள்ளிக்கிழமை அதே அறையில் சாம்பிராணி போடுவார்களாம். இதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல நாங்கள் மருத்துவர் அல்ல. ஆனால் பறவையின் சுவாச அமைப்பு நம்முடையதைப் போன்றதல்ல. நுரையீரலோடு உடலுக்குள் காற்றறைகளும் உண்டு; நச்சுப்புகை மிக வேகமாக இரத்தத்தில் கலந்துவிடும். இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் விஷவாயுவைக் கண்டறிய 1986 வரை கேனரிப் பறவைகளை வைத்திருந்தது இதனால்தான். மனிதனுக்குத் தெரியும் முன்பே அது மயங்கி விழும்.

ஆகவே கொசுவத்தி, ஊதுபத்தி, சாம்பிராணி, பகூர், கொசு மருந்து ஸ்பிரே எதுவும் கூண்டுள்ள அறையில் வேண்டாம். கொசுவுக்குக் கூண்டின் மேல் பழைய கொசுவலையைப் போர்த்துங்கள். சமையலறையிலும் கூண்டு கூடாது. நான்ஸ்டிக் தவா அளவுக்கு மீறிக் காய்ந்தால் வரும் வாயு நம் மூக்குக்குத் தெரியாது. ஆனால் சில நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும்.

வெளியே விட்டுப் பறக்கவிடுவது நல்லதே. ஆனால் முதலில் ஃபேனை நிறுத்துங்கள். கதவு, சன்னலைச் சாத்துங்கள். தண்ணீர் வாளியையும் குழம்புச் சட்டியையும் மூடுங்கள்.

கத்திரி வெயிலில் பறவை வாயைப் பிளந்து, இறக்கையை உடலிலிருந்து விலக்கி மூச்சு வாங்கினால் சூடு தாங்கவில்லை என்று பொருள். உடனே நிழலுக்கு மாற்றி, அகலமான தட்டில் ஒரு விரல் ஆழம் தண்ணீர் வையுங்கள்; அதுவே குளித்துக்கொள்ளும். மொட்டைமாடியில் ஓட்டுக்கடியில் கூண்டு வைப்பதைத் தவிருங்கள்.

மண்கலயம் தேவையா?

கடையில் கூண்டோடு மண்கலயத்தையும் சேர்த்து விற்பார்கள். கலயம் இருந்தால் பெண் பறவை விடாமல் முட்டையிடும். உடலிலுள்ள சுண்ணாம்புச் சத்து தீர்ந்து, முட்டை வெளிவராமல் சிக்கிச் சாவதும் உண்டு. குஞ்சுகள் பெருகினால் வைக்க இடமில்லாமல் தெரிந்தவர், தெரியாதவர் கையிலெல்லாம் கொடுக்க நேரிடும். பெருக்கும் எண்ணமில்லாவிட்டால் கலயம் வைக்காதீர்கள். அது இல்லாமல் பறவைக்கு ஒரு குறையும் இல்லை.

நோய்: பறவைக்கும் நமக்கும்

காட்டில் பலவீனத்தைக் காட்டினால் இரையாகிவிடும் என்பதால் பறவை நோயை மறைத்தே பழகியது. நம் கண்ணுக்குத் தெரியும்போது நோய் முற்றியிருக்கும். இறகைச் சிலிர்த்துக்கொண்டே இருத்தல், கூண்டின் தரையில் உட்காருதல், மூச்சுக்கு மூச்சு வால் ஆடுதல், எச்சத்தின் நிறமோ தன்மையோ மாறுதல், தீனி எடுக்காமை இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மறுநாள் பார்க்கலாம் என்று விடாதீர்கள். நம் மாத்திரையை உடைத்துத் தண்ணீரில் கரைக்கவும் வேண்டாம். குரும்பாபேட்டிலுள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்துக்கோ அருகிலுள்ள கால்நடை மருத்துவமனைக்கோ கொண்டுபோங்கள்.

கிளி இனப் பறவைகளிடமிருந்து 'சிட்டகோசிஸ்' என்னும் கிருமி நோய் மனிதருக்குத் தொற்றலாம். காய்ச்சல், தலைவலி, வறட்டு இருமல் வரும், நிமோனியாவாகவும் மாறலாம். தகுந்த மருந்தால் குணமாகும். ஆனால் வீட்டில் பறவை இருப்பதை நீங்கள் சொன்னால்தான் மருத்துவருக்குச் சந்தேகம் வரும். கூண்டைச் சுத்தம் செய்யும்போது எச்சத்தை நனைத்துவிட்டுத் துடையுங்கள். உலர்ந்த தூசியாகப் பெருக்காதீர்கள். பிறகு சோப்பால் கை கழுவுங்கள். ஆஸ்துமா உள்ளவர் படுக்கும் அறையில் கூண்டு வேண்டாம். வாயிலிருந்து வாய்க்குத் தீனி ஊட்டும் விளையாட்டைப் பிள்ளைகள் செய்யக்கூடாது.

பறக்கவிட்டால் நன்மையா?

வளர்க்க முடியாதபோது, அல்லது நேர்ச்சையாக, பட்ஜிகளை வானில் பறக்கவிடுவோர் நம்மில் உண்டு. எண்ணம் நல்லதுதான். ஆனால் கூண்டிலேயே பிறந்து வளர்ந்த பறவைக்கு இந்த மண்ணில் இரை தேடத் தெரியாது, பதுங்கவும் தெரியாது. அதைப் பறக்கவிடுவது காக்கைக்கு எறிவதற்குச் சமம். இயலாவிட்டால் நன்றாக வளர்க்கக்கூடிய இன்னொரு குடும்பத்திடம் கூண்டோடு கொடுங்கள். டிரஸ்ட் அலுவலகத்தில் சொன்னால் ஜமாஅத்தில் விருப்பமுள்ளவர்களிடம் சேர்த்துவிடுகிறோம். அதற்குப் பணம் எதுவும் இல்லை.

முடிவாக

நான்கு பறவைகளையும் இழந்த பிள்ளையை நாங்கள் மறுபடியும் கூப்பிட்டுப் பேசினோம். முதலில் அவன் பறவைகளுக்கு என்ன பெயர் வைத்திருந்தான் என்று கேட்டோம். நான்கின் பெயரையும் சொன்னான். எது முதலில் போனது, எது கையில் வந்து உட்காரும் என்று அரைமணி நேரம் சொல்லிக்கொண்டே இருந்தான். அந்த அரைமணி நேரம் அவனுக்கு முதல் நாளே கிடைத்திருக்க வேண்டும்.

அவன் உம்மா கூண்டை வாசல் பக்கத்து அறைக்கு மாற்றிவிட்டார்கள். கொசுவத்தியை நிறுத்தியாயிற்று. இன்ஷா அல்லாஹ் அடுத்த மாதம் ஒரு ஜோடி வாங்கப்போகிறார்களாம். வாங்கும் முன் இந்தப் பக்கத்தை வீட்டில் எல்லாரும் ஒருமுறை வாசித்துவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறோம். உங்களிடமும் அதையே கேட்டுக்கொள்கிறோம்.

நம் கையில் ஒப்படைக்கப்பட்ட எல்லா உயிர்களின் அமானிதத்தையும் சரியாக நிறைவேற்றும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்,
செயலாளர், தவளக்குப்பம்